அலமாரியைத் திறந்துவிட்ட கணக்கு வாத்தியார்

ஆடிக் கிருத்திகை என்றால் திருத்தணி மலையில் காவடிக் கூட்டம் அலை மோதும். பக்கத்தில் உள்ள கே.ஜி.கண்டிகை போன்ற ஊர்களின் கடைக்காரர்களுக்கும் அது வியாபாரக் காலம். கற்பூரம், ஊதுபத்தி, தேங்காய், பூ என்று சரக்கு பறக்கும்.

போன ஆடிக் கிருத்திகைக்கு எத்தனை கிலோ கற்பூரம் விற்றது? இந்த ஆண்டு எவ்வளவு வாங்கி வைக்கலாம்? முன்பெல்லாம் இதைத் தெரிந்துகொள்ள, கணக்குப்பிள்ளை பேரேட்டைப் புரட்ட வேண்டும். அவர் சொல்லும் வரை முதலாளி காத்திருக்க வேண்டும். இன்று முதலாளி தாமே கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்துக்கொள்ளலாம். பவர் பிஐ, டேப்லோ என்று அதற்கென்றே கருவிகள் வந்துவிட்டன. கணக்கைப் படமாகவே வரைந்து காட்டுகின்றன.

வேண்டியதை அடுத்தவர் தயவு இல்லாமல் தானே தேடி எடுத்துக்கொள்வது. இதுதான் இந்தக் கருவிகளின் சாரம். இதே உரிமைக்காக, இந்தியாவுக்குக் கம்ப்யூட்டர் வருவதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே சென்னையில் ஒருவர் பாடுபட்டார். அவர் வியாபாரி அல்ல. கணக்கு வாத்தியார். பெயர், எஸ்.ஆர்.ரங்கநாதன். இந்திய நூலகத் துறையின் தந்தை என்று போற்றப்படுபவர்.

சீர்காழிப் பிள்ளை

ரங்கநாதன் 1892ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் சீர்காழியில் பிறந்தார். வெள்ளைக்காரர்களின் நாவில் சீர்காழி என்ற பெயர் ஷியாளி என்று ஆகிவிட்டது. அதன் முதல் எழுத்துதான் அவர் பெயருக்கு முன்னால் நிற்கும் எஸ். ஆர் என்பது தந்தை ராமாமிர்தத்தின் பெயர்.

தந்தை, ஊராருக்கு ராமாயணம் எடுத்துச் சொல்லும் வழக்கம் உள்ளவர். ஆனால் அதிக நாள் வாழவில்லை. ரங்கநாதனுக்கு ஆறு வயதாக இருக்கும்போதே இறந்துவிட்டார். தாயார் சீதாலட்சுமியின் அரவணைப்பில் பிள்ளை வளர்ந்தான்.

பையனுக்குப் படிப்பு நன்றாக வந்தது. பேச்சுதான் வரவில்லை. திக்குவாய்! வாத்தியார் வேலைக்குப் போகிறவனுக்குத் திக்குவாய் இருந்தால் எப்படி? ஆனாலும் அவர் அந்த வேலைக்குத்தான் போனார். திக்குவாயையும் முயன்று வென்றார்.

சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் கணிதம் படித்தார். 1913இல் பி.ஏ. பட்டமும், 1916இல் எம்.ஏ. பட்டமும் பெற்றார். அங்கே அவருக்கு வாய்த்த ஆசிரியர் எட்வர்ட் ராஸ். குருவும் சிஷ்யனும் கடைசி வரை பாசத்தோடு இருந்தார்கள். அந்த ராஸ் இந்தக் கதையில் மறுபடியும் வருவார்.

சைதாப்பேட்டையில் ஆசிரியர் பயிற்சி முடித்து, 1917இல் மங்களூர் அரசாங்கக் கல்லூரியில் ரங்கநாதன் சேர்ந்தார். பிறகு கோயம்புத்தூர். 1920இல் சென்னை மாநிலக் கல்லூரி. எங்கே போனாலும் கணக்குத்தான் பாடம்.

வேண்டாத வேலை

அந்தச் சமயத்தில் சென்னைப் பல்கலைக்கழகம் தன் நூல் நிலையத்துக்கு ஒரு தலைவரைத் தேடியது. சுமார் 900 பேர் மனுப் போட்டார்கள். அவர்களில் ஒருவருக்குக்கூட நூல் நிலையப் பயிற்சி கிடையாது! ரங்கநாதனும் மனுப் போட்டிருந்தார். கல்லூரி வாத்தியார் சம்பளம் அந்த நாளில் சொற்பம்.

பேட்டிக்குச் சில நாட்கள் முன்பு கலைக்களஞ்சியத்தில் நூல் நிலையம் பற்றிய கட்டுரை ஒன்றைப் படித்தார். அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். ஆனால் கணித ஆராய்ச்சிக் கட்டுரைகள் எழுதியிருந்தார். அது கைகொடுத்தது. 1924 ஜனவரியில் வேலை கிடைத்துவிட்டது.

வேலையில் சேர்ந்தார். சேர்ந்த பிறகுதான் சங்கடம் தெரிந்தது. வகுப்பு இல்லை. மாணவர் இல்லை. கேள்வி கேட்க ஆள் இல்லை. பெரிய கூடத்தில் புத்தகங்களுக்கு நடுவே தனியாக உட்கார்ந்திருக்க வேண்டும். ஒரு வாரம் பொறுத்தார். பிறகு மாநிலக் கல்லூரிக்கே ஓடிவந்து, பழைய வேலையைத் திருப்பிக் கொடுக்கும்படி கேட்டார்.

பெரியவர்கள் ஒரு யோசனை சொன்னார்கள். முதலில் லண்டன் போய் நூல் நிலையப் பயிற்சி பெறட்டும். திரும்பி வந்த பிறகும் பிடிக்காவிட்டால் வாத்தியார் வேலை காத்திருக்கும் என்றார்கள். அரை மனத்தோடு கப்பல் ஏறினார் ரங்கநாதன். அந்த வாத்தியார் வேலை கடைசி வரை காத்துக்கொண்டேதான் இருந்தது!

லண்டனில் கண்ட காட்சி

லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் படித்தார். பெர்விக் சேயர்ஸ் என்பவர் அவருக்கு ஆசான். அவர் கிராய்டன் நகரத்து நூல் நிலையத்தின் தலைவர். படிப்பு ஒரு புறம் இருக்க, ரங்கநாதன் ஊர் ஊராகப் போய் நூறுக்கு மேற்பட்ட நூல் நிலையங்களைப் பார்த்தார்.

பார்த்ததும் திகைத்தார். நூல் நிலையத்தில் குழந்தைகள் இருந்தார்கள். பெண்கள் இருந்தார்கள். வேலை முடிந்து வந்த தொழிலாளிகள் இருந்தார்கள். அவர்களே அலமாரிக்குப் போனார்கள். கையால் எடுத்தார்கள். புரட்டினார்கள். பிடித்ததை வீட்டுக்குக் கொண்டுபோனார்கள்.

நம் நாட்டில் நிலைமை என்ன? புத்தகம் பூட்டிய பீரோவில் இருக்கும். வாசகர் சீட்டு எழுதிக் கொடுக்க வேண்டும். சிப்பந்தி உள்ளே போய்த் தேடுவார். கிடைத்தால் வரும். இல்லாவிட்டால் இல்லை. எந்தப் புத்தகம் தனக்கு வேண்டும் என்று முன்கூட்டியே தெரிந்தவருக்கு மட்டுமே பயன். தெரியாதவர் என்ன எழுதுவார் சீட்டில்? ஐரோப்பாவிலும் ஒரு காலத்தில் புத்தகத்தைச் சங்கிலி போட்டு அலமாரியோடு கட்டி வைத்திருந்தார்கள். அவர்கள் சங்கிலியை அவிழ்த்துவிட்டார்கள். நாம் பூட்டைத் திறக்கவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

ரங்கநாதனுக்கு வாழ்க்கையின் வேலை இன்னது என்று தெரிந்துவிட்டது.

பொம்மைக் கடையில் பிறந்த யோசனை

ஆனால் கதவைத் திறந்துவிட்டால் மட்டும் போதுமா? உள்ளே எல்லாம் ஒழுங்காக இருந்தால்தானே வாசகர் தானாகத் தேட முடியும்?

புத்தகங்களை அடுக்க அப்போது உலகில் பெயர்பெற்ற முறை, அமெரிக்கர் மெல்வில் டூயி 1876இல் வெளியிட்ட தசமப் பகுப்பு முறை. அறிவு முழுவதையும் பத்துப் பிரிவாக்கி, ஒவ்வொன்றையும் மறுபடி பத்துப் பத்தாகப் பிரித்து எண் கொடுத்திருந்தார் டூயி. நல்ல முறைதான். ஆனால் தயாராகச் செய்துவைத்த பெட்டிகள் மாதிரி. பெட்டிக்குள் அடங்காத புதிய விஷயம் வந்தால் திண்டாட்டம்.

ஒரு நாள் லண்டன் செல்ஃப்ரிட்ஜ் கடைக்குள் ரங்கநாதன் நுழைந்தார். அங்கே மெக்கானோ என்ற விளையாட்டுச் சாமானை வைத்து வேடிக்கை காட்டிக்கொண்டிருந்தார்கள். துளை போட்ட தகடுகள், கம்பிகள், சக்கரங்கள், திருகாணிகள். அவ்வளவுதான் சாமான். அவற்றையே மாற்றி மாற்றிப் பூட்டினால் ஒரு தரம் வண்டி, ஒரு தரம் பாலம், ஒரு தரம் பாரந்தூக்கி!

கணக்கு வாத்தியாருக்குப் பொறி தட்டியது. விஷயங்களுக்கும் இப்படிச் செய்தால் என்ன? ஒவ்வொரு விஷயத்துக்கும் முழு எண்ணை முன்கூட்டியே எழுதிவைக்க வேண்டாம். துண்டு எண்களை வைத்துக்கொள்வோம். வேண்டியபோது பூட்டிக்கொள்வோம். தகடுகளைப் பூட்டத் திருகாணி வேண்டும் அல்லவா? எண்களைப் பூட்ட ஒரு புள்ளிக் குறியைப் பிடித்தார். முக்காற்புள்ளி. ஆங்கிலத்தில் கோலன். அதனால்தான் அவர் முறைக்குக் கோலன் பகுப்பு முறை என்று பெயர் வந்தது.

ஊர் திரும்பும் கப்பலிலேயே அட்டவணை எழுத ஆரம்பித்துவிட்டார். 1925 ஜூலையில் சென்னை வந்து சேர்ந்தார்.

ஐந்து கேள்விகள்

ரங்கநாதன் முறையை ஓர் உதாரணத்தால் சொல்லலாம். இந்தியாவில் 1950களில், நுரையீரல் காசநோய்க்கு எக்ஸ்ரே மூலம் சிகிச்சை செய்வது பற்றிய ஆராய்ச்சி. இப்படி ஒரு புத்தகம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதை எங்கே வைப்பது? மருத்துவத்திலா? இந்தியாவிலா?

அவர் அந்தப் புத்தகத்தைத் துண்டு துண்டாகப் பிரிப்பார். மருத்துவத்துக்கு ஓர் எழுத்து. நுரையீரலுக்கு ஓர் எண். காசநோய்க்கு ஓர் எண். சிகிச்சைக்கு ஓர் எண். எக்ஸ்ரேக்கு ஓர் எண். இந்தியாவுக்கு 44. காலத்துக்கு ஒரு குறி. எல்லாவற்றையும் புள்ளிகளால் பூட்டினால் புத்தகத்தின் விலாசம் தயார். அதே இந்தியத் துண்டை எடுத்துவிட்டு வேறு நாட்டுத் துண்டைப் போட்டால், வேறு புத்தகத்தின் விலாசம்.

உலகத்து விஷயம் எதுவானாலும் ஐந்து பக்கம் திருப்பிப் பார்க்கலாம் என்று அவர் பிற்காலத்தில் முடிவு கட்டினார். எதைப் பற்றியது? எந்தப் பொருளால் ஆனது? என்ன நடக்கிறது? எங்கே? எப்போது? இந்த ஐந்துதான்.

இப்போது கே.ஜி.கண்டிகைக் கற்பூரத்துக்கு வருவோம். என்ன சரக்கு? எந்தத் தரம்? விற்றதா, திரும்பி வந்ததா? எந்தக் கடையில்? எந்தத் தேதியில்? வியாபாரக் கணக்கிலும் கேள்விகள் இவைதான்! பவர் பிஐ போன்ற கருவிகள் கணக்கை இப்படிப் பல பக்கம் திருப்பித்தான் காட்டுகின்றன. சரக்கு வாரியாகப் பார்த்ததை ஒரு தட்டில் ஊர் வாரியாக மாற்றலாம். மறு தட்டில் மாத வாரியாக மாற்றலாம். ரங்கநாதனைப் படித்துவிட்டு இவற்றைச் செய்தார்கள் என்று சொல்ல வரவில்லை. எண்ணம் ஒரே எண்ணம்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. பல வியாபாரிகளுக்குக் கணக்கு ஒரே இடத்தில் இருப்பதில்லை. பழைய வரவு செலவு கடைக்குள் இருக்கும் கம்ப்யூட்டரில் கிடக்கும். போனில் வந்த ஆர்டரும் பணமும் மேகத்தில் இருக்கும். பெயர்தான் மேகம். உண்மையில் அது எங்கோ ஒரு பெரிய கட்டிடத்தில், வரிசை வரிசையாக ஓடிக்கொண்டிருக்கும் யாரோ ஒரு கம்பெனியின் கம்ப்யூட்டர்கள். இரண்டையும் இணைக்கக் கடைக் கம்ப்யூட்டரில் வாசல்காரன் மாதிரி ஒரு புரோகிராமை வைக்கிறார்கள். கேட்ட கணக்கை மட்டும் அது பூட்டிய உறையில் போடுவது போலப் போட்டு அனுப்பும்.

ஆனால் கடைக் கணக்கில் கற்பூரம் என்றும், மேகத்துக் கணக்கில் சூடம் என்றும் எழுதியிருந்தால்? கம்ப்யூட்டருக்கு இரண்டும் வேறு வேறு சரக்கு! பாதி விற்பனையைக் காட்டிவிட்டு அதுதான் மொத்தம் என்று அடித்துச் சொல்லும். முதலாளி அதை நம்பிக் குறைவாகச் சரக்கு வாங்குவார். திருவிழா அன்று கடை காலியாகிவிடும். கருவி எவ்வளவு விலையுயர்ந்ததாக இருந்தால் என்ன? பெயர் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு விஷயத்துக்கு எங்கே பார்த்தாலும் ஒரே பெயர், ஒரே குறி. இதற்காகத்தான் ரங்கநாதன் பட்டியல் விதிகளையும் தனி நூலாக எழுதினார். அது வெளிவந்தது 1934இல்.

பூட்டு திறந்தது

சென்னை திரும்பியதும் அவர் செய்த முக்கியமான காரியம், அலமாரிகளைத் திறந்துவிட்டதுதான். வாசகர்கள் உள்ளே வரலாம், தாங்களே எடுக்கலாம் என்று ஆயிற்று.

திறந்துவிட்டால் திருட்டுப் போகாதா? இந்தப் பயம் அந்நாளில் எங்கும் இருந்தது. இன்றும் இருக்கிறது. திறந்த அலமாரி உள்ள நூல் நிலையத்தில் காவல் அலமாரிக்கு இல்லை. வாசலுக்குத்தான். உள்ளே எங்கும் போகலாம். வெளியே வர வழி ஒன்றுதான். அங்கே ஆள் இருப்பார். நாலு புத்தகம் தொலைவது நஷ்டம்தான். நாலாயிரம் புத்தகத்தை யாரும் தொடாமல் வைத்திருப்பது அதைவிடப் பெரிய நஷ்டம் அல்லவா?

வாசகரே எடுத்துக்கொள்கிறார் என்றால் சிப்பந்திக்கு வேலை இல்லை என்று அர்த்தமா? ரங்கநாதன் அப்படி நினைக்கவில்லை. எங்கே தேடுவது என்று விழிக்கிறவருக்குப் பக்கத்தில் நின்று வழி காட்டவே தனியாக ஆட்களை வைத்தார். புதிதாக வந்தவர் கூச்சப்படாமல் கேட்க வேண்டும் என்பது அவர் ஆசை. கம்ப்யூட்டர் கருவியை வாங்கிக் கொடுத்துவிட்டு, இனி எல்லாரும் தாமே பார்த்துக்கொள்வார்கள் என்று கைகழுவுகிறவர்கள் இந்த இடத்தைக் கொஞ்சம் கவனிக்கலாம்.

துக்கத்தின் நடுவே

1928ஆம் ஆண்டு அவருக்கு நல்லதும் கெட்டதும் சேர்ந்து வந்தது. சென்னை நூலகச் சங்கம் அந்த ஆண்டு தொடக்கத்தில் பிறந்தது. அதற்கு அவர் செயலாளர். ஆண்டு முடிவதற்குள், மனைவி ருக்மிணி ஒரு விபத்தில் இறந்துபோனார்.

அதே ஆண்டில்தான் அவர் வேறு ஒரு விஷயத்தில் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார். கணிதத்துக்கு அடிப்படை விதிகள் உண்டு. பௌதிகத்துக்கு உண்டு. நூல் நிலையத்துக்கு மட்டும் ஏன் இல்லை? ஒரு மாலை, பழைய ஆசிரியர் ராஸ் வந்தார். சிஷ்யனின் தவிப்பைக் கேட்டார். போகிற போக்கில், புத்தகம் இருப்பது பயன்படுத்துவதற்கே என்ற கருத்தைச் சொல்லிவிட்டுப் போனார். அதுதான் முதல் விதி ஆயிற்று!

மற்ற நான்கும் அதிலிருந்து கிளைத்தன. எந்த வாசகருக்கும் அவருக்கு ஏற்ற புத்தகம் கிடைக்க வேண்டும். எந்தப் புத்தகத்துக்கும் அதற்கான வாசகர் கிடைக்க வேண்டும். வாசகரின் நேரம் வீணாகக் கூடாது. நூல் நிலையம் வளர்ந்துகொண்டே இருக்கும் உயிர் போன்றது. இந்த ஐந்து விதிகளும் 1931இல் நூலாக வெளிவந்தன. உலகெங்கும் நூலகம் பற்றிப் படிக்கிற மாணவர்களுக்கு அவை இன்றும் பாடம். கோலன் பகுப்பு முறை 1933இல் நூலாயிற்று.

1929இல் சாரதாவை மணந்தார். கல்யாணம் முடிந்து அன்று மாலையே நூல் நிலையத்துக்கு வேலைக்கு வந்துவிட்டாராம்! ஏறக்குறைய இருபது ஆண்டுகள் லீவு எடுக்காமல், நாளுக்கு 13 மணி நேரம் உழைத்தவர் அவர். சாரதா அம்மாள் இதை எப்படிச் சகித்துக்கொண்டாரோ! அவர் பொறுமைக்கும் ஒரு பரிசு கொடுத்திருக்கலாம்.

மாட்டு வண்டியில் புத்தகம்

பட்டணத்துப் படிப்பாளிகளுக்குக் கதவு திறந்தது. கிராமத்துக்கு? 1931இல் மன்னார்குடிக்கு அருகே மேலவாசல் கிராமத்திலிருந்து ஒரு மாட்டு வண்டி புறப்பட்டது. வண்டி நிறையப் புத்தகம். கனகசபைப் பிள்ளை என்பவர் அந்த வண்டியை அமைத்தார். ரங்கநாதனின் இயக்கம் அதற்குத் துணை நின்றது. மக்கள் புத்தகத்தைத் தேடி வர முடியாவிட்டால், புத்தகம் மக்களைத் தேடிப் போக வேண்டியதுதானே!

நூல் நிலையங்களுக்குச் சட்டம் வேண்டும் என்று ஆண்டுக்கணக்காக அவர் வாதாடினார். 1948இல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. இந்திய மாகாணங்களில் அதுவே முதல் சட்டம். கல்வி அமைச்சராக இருந்தவர் அவினாசிலிங்கம் செட்டியார். வீட்டு வரியோடு நூலக வரி சேர்த்து வாங்கும் வழக்கம் இந்தச் சட்டத்தால் வந்ததுதான். அன்று திருத்தணியும் சித்தூர் ஜில்லாவோடு சென்னை மாகாணத்தில் இருந்தது. 1953இல் ஆந்திரத்துக்குப் போய், போராட்டத்துக்குப் பிறகு 1960இல் தமிழகத்துக்குத் திரும்பியது தனிக் கதை.

மனக்கசப்பும் காசியும்

இவ்வளவு செய்தவர் சென்னையில் நிம்மதியாக ஓய்வு பெற்றாரா என்றால், இல்லை. மேலிடத்தோடு ஒத்துப்போகவில்லை. கட்டி வளர்த்த நூல் நிலையத்தை 1945இல் மனக்கசப்போடு விட்டு வந்தார். கொஞ்ச காலம் மனம் உடைந்து கிடந்தார்.

அந்த ஆண்டே காசி இந்துப் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கே துணைவேந்தராக இருந்தவர் யார் தெரியுமா? திருத்தணி மண்ணில் பிறந்த டாக்டர் ராதாகிருஷ்ணன்! காசியில் ஏறக்குறைய லட்சம் புத்தகங்களுக்கு ரங்கநாதனே உட்கார்ந்து எண் போட்டார். ஐம்பது வயதைத் தாண்டியவர், உதவிக்குப் படை இல்லாமல் செய்த வேலை இது. பிறகு டில்லிப் பல்கலைக்கழகம். அப்புறம் சுவிட்சர்லாந்தின் ஜூரிச் நகரம்.

அவருடைய எண் முறை உலகை வென்றதா? அதுவும் இல்லை. இந்தியாவிலேயே பெரும்பாலான நூல் நிலையங்கள் டூயியின் எண்ணைத்தான் பயன்படுத்துகின்றன. கோலன் முறை கற்கக் கடினம். பதிப்புக்குப் பதிப்பு அவர் மாற்றிக்கொண்டே போனதும் ஒரு காரணம். ஆனால் விஷயத்தைப் பல பக்கங்களாகப் பிரிக்கும் அந்த யோசனையை, 1952இல் இங்கிலாந்தில் கூடிய பகுப்பு ஆராய்ச்சியாளர்கள் பிடித்துக்கொண்டார்கள். இன்று இன்டர்நெட் கடையில் புடவை வாங்கும் பெண், நிறம், விலை, நூல் வகை என்று ஒவ்வொன்றாகத் தட்டித் தேடுகிறாரே, அந்தத் தேடலுக்கு முன்னோடி ரங்கநாதன் என்று நூலகத் துறையினர் பெருமைப்படுகிறார்கள்.

பெங்களூரில் கடைசி நாட்கள்

1957இல் பத்மஸ்ரீ பட்டம் வந்தது. ஏறக்குறைய அதே காலத்தில், சேமித்த பணத்தில் ஒரு லட்சம் ரூபாயை எடுத்துச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கே கொடுத்தார். எங்கிருந்து கசப்போடு வெளியேறினாரோ, அங்கேயே! நூலகத் துறைக்கு ஒரு பேராசிரியர் பதவி அமைக்கத்தான் அந்தப் பணம். பதவிக்குத் தம் பெயரை வைக்கவில்லை. சாரதாவின் பெயரால் விளங்கட்டும் என்றார்.

1962இல் பெங்களூரில் ஆவண ஆராய்ச்சிப் பயிற்சி மையத்தைத் தொடங்கினார். அதற்கு இடம் கொடுத்தது பேராசிரியர் மகலனோபிஸ் நிறுவிய இந்தியப் புள்ளியியல் நிறுவனம். இந்தியாவுக்கு வந்த முதல் கம்ப்யூட்டர்களில் ஒன்று, 1956இல் கல்கத்தாவில் வேலை செய்யத் தொடங்கியதும் அந்த நிறுவனத்தில்தான். புத்தகக் கணக்கும் புள்ளிக் கணக்கும் இப்படி ஒரே கூரையின் கீழ் வந்து சேர்ந்தன.

1965இல் மத்திய அரசு அவரைத் தேசிய ஆராய்ச்சிப் பேராசிரியர் ஆக்கியது. எண்பது வயது வரை எழுத்தும் படிப்புமாக இருந்தார். 1972 செப்டம்பர் 27ஆம் தேதி பெங்களூரில் காலமானார். பெங்களூர் மையம் இன்றும் நடக்கிறது. கம்ப்யூட்டரில் தகவலைச் சேர்ப்பதும் தேடி எடுப்பதும் அங்கே மாணவர்களுக்குப் பாடம். ஆகஸ்ட் 12ஆம் தேதி ஆண்டுதோறும் நாடெங்கும் நூலகர் தினமாகக் கொண்டாடப்படுகிறது.